மையித்தில் கண்டது

— நான் கையெழுத்துப் போடமாட்டன் ராத்தா. ஆறாம் ஆண்டு படிக்கிற புள்ளைக்குக் கென்சர் ஊசி எதுக்கு?

— கென்சர் வராம இருக்கிறதுக்கு ஊசி, இஸ்ஸதீன். வகுப்புல எல்லாப் பொம்புளப் புள்ளைகளும் சம்மதக் கடிதத்தக் குடுத்தாச்சு. உன்ட மகள் ஸுஹைரா மட்டும்தான் பாக்கி.

— அதப் போட்டாப் பின்னுக்குக் கர்ப்பம் தங்காதாம். வாட்ஸ்அப்புல வந்திச்சு.

— உன்ட கோழியெல்லாம் குஞ்சுலயே ஊசி போட்டதுதானே?

— ஓம்.

— முட்டை இடுதா?

— இடுது. அது வேற.

— முந்தி ஊசி போடாம ஒரு கூட்டம் வாங்கினாயே, அதுக்கு என்னாச்சு?

— காலை இழுத்து இழுத்துச் செத்திச்சு. வெட்டிப் பார்த்தா உள்ளுக்குக் கட்டி. ஏதோ வைரஸாம்.

— பொம்புளைகளுக்கும் வைரஸ்தானாம். கல்யாணம் கட்டின பிறகு ஒட்டுமாம். அனேகமாத் தானாப் போயிருமாம். போகாட்டி, பத்து இருபது வருஷம் சத்தம் போடாமக் கிடந்து, கர்ப்பப்பை வாயில கென்சராகுமாம். ஒட்டுறதுக்கு முந்திப் போட்டாத்தான் ஊசியால நல்ல பிரயோசனமாம்.

— இதெல்லாம் ஆரு சொன்ன?

— டொக்டர் மிஸ்.

— டொக்டர் மிஸ்ஸோட உங்களுக்கு என்ன கதை?

— ஒரு விஷயம் இருந்திச்சு, கதைச்சன்.

— நம்மட கரைத்தீவுல ஆருக்கும் அப்படி வரல்ல ராத்தா.

— இருபது வருஷமா இந்த ஊருப் பொம்புள மையித்துகள அடக்குறதுக்கு முந்திக் குளிப்பாட்டுறது நான்.

— அப்ப ஆருக்கு இருந்திச்சு? பேரச் சொல்லுங்க.

— சொல்ல ஏலாது. மையித்துல கண்டத வெளிய சொல்லக்கூடாது. அது என்னை நம்பி ஒப்படைச்ச அமானிதம்.

— அப்ப எங்களுக்கு எப்படித் தெரியிற?

— தெரியாதுதான். நான் வாய மூடிக்கிறன். வீட்டாக்கள் பிரஷர்ண்டு சொல்றாங்க. ஆம்புளைகள் அடக்கம் முடிஞ்சு கபுரடியில நிண்டு, இந்தக் காலத்துல பிரஷர் கூடிப்போச்சுண்டு கதைக்கிறீங்க.

— நம்மட உம்மா பிரஷர்லதானே மௌத்தான?

— தேத்தண்ணி ஆறுது, குடி.

— ராத்தா...

— உம்மாவும் மையித்துத்தான். சொல்லமாட்டன்.

— இப்படி மூடி மூடிக் கதைச்சா நான் எத நம்புற? சரி, மௌத்தான ஆக்கள விடுங்க. உசிரோட இருக்கிற ஒரு ஆள். நான் அறிஞ்ச ஒரு பேர். சொன்னா இப்பவே கையெழுத்துப் போடுறன்.

— வல்லாஹி?

— வல்லாஹி.

— அப்ப பேனைய எடு.

— எடுத்துட்டன். ஆரு அது?

— நான்தான். திங்கக்கிழமை ஒப்பரேசன். என்னைப் பத்திச் சொல்லலாம் தம்பி, நான் இன்னும் மையித்து இல்லத்தானே.