சங்கு ஊதும் நேரத்து மடல்கள்

மாண்பு நிறைந்த அவைத்தலைவர், நம் நிறுவனத்தின் உரிமையாளர் வைத்திலிங்கம் அவர்களே, கணினித் திரையில் கண்களைத் தேய்த்த பெரியோர்களே, பண்ருட்டிப் பேருந்து போனால் போகட்டும் என்று அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சாப்பாட்டுப் பந்திக்கு அருகிலேயே இடம்பிடித்த கடைசி வரிசைக் கண்மணிகளே, உங்கள் அனைவருக்கும் இந்த நெடுமாறனின் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

தலைவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும். என் பேச்சின் சுவை அவருக்குப் பழகியதுதான்.

இன்று ஆண்டு விழா. இன்றே நம் அம்சவல்லியின் ஒப்பந்தமும் முடிகிறது. நீட்டிக்கவில்லை. காரணம் கேட்டேன். "மெயிலு தானா போவுது. அதுக்கு ஒரு ஆளு எதுக்குப்பா?" என்றார் தலைவர்.

தானாகவா போகிறது? தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கப் பணிக்கு ஊர் ஊராக ஆள் ஏற்றிவரும் பேருந்துகளுக்கு நாம் நிரல் எழுதுகிறோம். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று ஓட்டுநரின் கைபேசிக்கு அதுதான் சொல்லும். அதில் ஒருவர் ஒரு வரியைத் தொட்டால் போதும். யார் தொட்டார், எதைத் தொட்டார், ஏன் தொட்டார் என்று எல்லோருக்கும் மடல் பறக்கும். நம் ஊழியர் பட்டியலும் அங்கேதான் இருக்கிறது. அதைத் தொடும் உரிமை தலைவருக்கு மட்டும். மடலைப் பறக்கவிடும் சின்னஞ்சிறு நிரலின் பெயர் ஹூக். அதைப் பேணுபவர் அம்சவல்லி.

தமிழில் எழுதிய பெயரெல்லாம் கேள்விக்குறிகளாய் வந்த காலம் நினைவிருக்கிறதா? தலைவர் பெயரே வெறும் கேள்விக்குறிகளின் வரிசை. நாங்கள் யாரும் வியக்கவில்லை என்பது வேறு. சரிசெய்தவர் யார்? வேலையை விட்டுப் போனவர்களுக்கும் மடல் போய்த் திரும்பித் திரும்பி வந்ததே, முகவரிகளைக் களைந்தவர் யார்?

ஆனால் நாம் எப்படிப்பட்டவர்கள்? இது ஷிஃப்ட் பார்த்து வளர்ந்த ஊர். நாம் சுரங்கத்தில் இறங்குபவர்கள் இல்லை, ஆனாலும் ஷிஃப்ட் முடியும் சுரங்கச் சங்கு ஊதினால் நம் கை தானாகப் பையைத் தேடும். பகலெல்லாம் செய்த வேலையை அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லோரும் நிரலுக்குள் தள்ளுவோம். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவோம்? "சும்மா." நாற்பது மடல், நாற்பது சும்மா. சிரிக்காதீர்கள், அதில் இருபது என்னுடையவை.

எரிச்சலில் நான் ஒரு காரியம் செய்தேன். இதுவரை தலைவரிடம் சொல்லாத காரியம். ஒரு சனிக்கிழமை, சங்கு ஊதும் வேளையில் மடல்களை நிறுத்திவைத்தேன். கையோடு, பேருந்து நிறுத்தங்களின் பட்டியலில் இரண்டு முறை இருந்த குள்ளஞ்சாவடியில் ஒன்றை நீக்கப்போய் இரண்டையும் நீக்கிவிட்டேன். யாருக்கும் மடல் போகவில்லை. யாரும் பார்க்கவில்லை. நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் பேருந்து குள்ளஞ்சாவடியில் நிற்கவில்லை. முன்வரிசையில் இருக்கும் வீரம்மாள் அக்கா அன்று அங்கே நின்றவர். சுரங்கத்துக் கேன்டீனில் ஒப்பந்த வேலை. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "கையக் காட்டிக்கினே நின்னேங்க. பஸ்ஸு பாட்டுக்குப் போய்க்கினே இருக்குது. இன்னொரு வாட்டி லேட்டா வந்தா வேலைக்கே வராதன்னு சொல்லியிருந்தாங்க."

ஆனால் ஹூக்குக்குள் அம்சவல்லி ஒரு வரி எழுதி வைத்திருந்தார். யாராவது ஹூக்கையே நிறுத்தினால், அவருக்கு மட்டும் ஒரு கடைசி மடல். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துவிட்டு வந்து அதைப் பார்த்திருக்கிறார். "நிறுத்தியவர்: நெடுமாறன். காரணம்: சும்மா." ஹூக்கை மீண்டும் ஓடவிட்டு, நிறுத்திய பிறகு உள்ளே போனது என்ன என்று தேடினார். ஓட்டுநர் அய்யாசாமியை அழைத்தார். அய்யாசாமி வேலைக்குச் சேர்ந்து நான்கே நாள், நிறுத்தங்கள் இன்னும் பழகவில்லை.

"அண்ணே, குள்ளஞ்சாவடியில நிறுத்துனீங்களா?"

"போன்ல அந்த ஊரே இல்லியேம்மா."

"ஊரு இருக்குதுண்ணே. வண்டியத் திருப்புங்க."

வண்டி திரும்பியது. வீரம்மாள் அக்கா நேரத்துக்குப் போனார். வேலை பிழைத்தது. என் பெயரை அம்சவல்லி யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் மடல் தானாகப் போகிறது என்று தலைவர் நம்பிக்கொண்டிருக்கிறார். நான் வெட்கப்படுகிறேன், தலைவரே.

கைதட்டாதீர்கள், இது கைதட்டும் இடமில்லை. தலைவர் இன்னும் கைபேசியை விடவில்லை. என்னை நீக்கும் உத்தரவாகவும் இருக்கலாம். இருக்கட்டும். நீக்க வேண்டியது என்னை. நிறுத்தத்தை நீக்கியவனுக்கு நிரந்தர வேலை, நின்றவரைக் காத்தவருக்கு நாளை முதல் வீடா? கேட்கிறேன், இது நியாயமா? இந்த நகரியத்தில் எத்தனை கதவுகள், பெர்மனென்ட் என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த கதவுகள்? அந்தச் சொல்லை...

மன்னிக்கவும். எல்லோர் கைபேசியும் ஒன்றாகச் சிணுங்குகிறது. என்னுடையதும்தான். படிக்கிறேன்.

"மாற்றியவர்: வைத்திலிங்கம். இடம்: ஊழியர் பட்டியல், அம்சவல்லி. நீக்கிய சொல்: கான்ட்ராக்ட். சேர்த்த சொல்: பெர்மனென்ட். காரணம்: சும்மா இல்லை."

இன்னும் மூன்று பக்கம் மனப்பாடம் செய்து வந்தேன். மடித்துக்கொள்கிறேன். தலைவருக்கு நன்றி, பொறுத்த உங்களுக்கு நன்றி. அம்சவல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலைவர் பெயர் கேள்விக்குறி இல்லாமல் வந்திருக்கிறதா என்று மட்டும் பாரம்மா.

வந்திருக்கிறதாம். வணக்கம்.