வேர்க்காத கண்ணாடி

கண்ணாடி வேர்த்தால் எல்லோரும் குளிரின் மேல் பழி போடுகிறார்கள் சார். அது தப்பு. குளிர் தன் பாட்டுக்குச் சும்மா இருக்கிறது. ஈரக் காற்றுதான் தேடிப் போய் அதன் மேல் விழுந்து நீராகிறது. இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் காஞ்சிபுரத்துக்காரன், பட்டு நெசவுக் குடும்பம். மழைக்காலத்தில் பாவு நூல் ஈரம் குடித்துத் தொய்ந்துபோகும். தறியில் உட்கார்ந்தவன் பாடு திண்டாட்டம். அதனால் ஈரத்தோடு மல்லுக்கட்டுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வாலாஜாபாத்தில் முருகேசனும் நானும் கூட்டாக நடத்தும் ஐஸ் ரூமை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அவன் தென்னேரிக்காரன். ஏரி மீனைக் கொண்டுவருவது அவன் வேலை, அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் வீட்டுக்குள் கவிச்சி நுழைந்ததே இல்லை. நான் மீன் தொழிலில் இருப்பது என் மனைவி தையல்நாயகிக்கே தெரியாது. பூ வியாபாரம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, இந்தப் புரட்டாசியில் அங்கே பூதான் இருந்தது.

அந்த அறைக் கதவின் நடுவில் நோட்டுப் புத்தகம் அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அது எப்போது பார்த்தாலும் அழுதுகொண்டே இருக்கும். வாசலெல்லாம் தண்ணீர். கதவைச் சுற்றியுள்ள ரப்பரை மாற்றினேன். ஒற்றைக் கண்ணாடியை இரட்டையாக்கி, செருப்பு டப்பாவில் ஈரம் இழுக்கப் போட்டுத் தருவார்களே, அந்தப் பொட்டலங்களை நடுவில் வைத்து அடைத்தேன். வெளியே ஒரு மேஜை விசிறியைக் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். எல்லாம் காய்ந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சொட்டு நிற்கவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் தள்ளித் திறப்பதற்கு ஒரு கம்பி வைத்திருப்பார்கள். இரும்பு அல்லவா, உள்ளே இருக்கிற குளிரை வெளியே கொண்டுவந்துவிடும். கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டையை நுரை வைத்து அடைத்தேன். பிறகு ஒரு சொட்டு இல்லை.

கம்பியைக் கழற்றியது திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் முருகேசன் சொன்னதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிறீர்கள். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புரட்டாசியில் மீன் வாங்க ஆள் வராது, அறை சும்மா கிடக்கும். எங்கள் தெரு அம்மன் கோயில் நவராத்திரிக்கு வேண்டிய பூவை இந்த வருஷம் அதில் அடுக்கினேன். கடைசி நாள் பூ அலங்காரம் மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு உபயம். விஜயதசமி சாயங்காலம் ஊர் பார்க்க என் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அறையை மஞ்சள் தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவி, சூடம் காட்டித்தான் பூவை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எதற்கோ கதவைத் திறந்த முருகேசன் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாணா இது, சாமிக்குப் போற பூவ மீன் பொட்டி மேல வெச்சிக்கினு இருக்கறீங்க?"

"கழுவியாச்சுப்பா."

"நான் கவிச்சி துன்றவன்தான். ஆனா சாமி விஷயத்துல வெளையாட மாட்டேன். புதன்கெழம வரைக்கும் பாக்கறேன். நீங்க எடுக்கலன்னா நானே எடுத்து வெளிய போட்டுட்டு, கோயில்ல வந்து சொல்லிடுவேன்."

நல்லவன் சார் முருகேசன். அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. மீன் விற்கிறவனுக்கு இத்தனை ஆசாரம் எதற்கு என்று மட்டும் தோன்றியது. விஷயம் வெளியே வந்தால் பரிவட்டம் போகும், உபயம் போகும், மீன் கதையும் சேர்ந்து சந்தி சிரிக்கும். பயந்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை ஆயுத பூஜை. வேலையாட்களுக்கு லீவு. காலை ஒன்பது மணிக்கு முருகேசன் பனியனும் லுங்கியுமாக இரண்டு கூடையோடு வந்தான். நேராக உள்ளே போனான். நான் கதவைச் சாத்தினேன். திறந்துபோட்டால் ஈரக் காற்று புகுந்துவிடும், அவனிடமே நூறு முறை சொல்லியிருக்கிறேன். சாத்திவிட்டுக் கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன். எங்கள் தறிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜையன்று பொட்டு வைத்த கருவியை மறுநாள் நல்ல நேரம் வரும்வரை தொடக் கூடாது. தறியானால் என்ன, கதவானால் என்ன.

அப்படியானால் மோட்டாரை ஏன் ஓடவிட்டாய், பூவுக்கு வைக்கிற குளிரை மீனை உறையவைக்கிற குளிருக்கு ஏன் திருப்பினாய் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. பொட்டு வைப்பதற்கு முன்பே திருப்பிவிட்டேன் சார். அதில் வழக்கத்துக்கு விரோதம் ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தட்டினான். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. வெளிப்பக்கம் ஒரு பொட்டு ஈரம் இல்லை. நான் பட்ட பாட்டுக்குப் பலன் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அவன் மூச்சு பட்டு உள்பக்கம்தான் வெள்ளையாகப் படிந்தது. உள்ளங்கையால் துடைத்துவிட்டு என்னைப் பார்ப்பான். மறுபடியும் படியும், மறுபடியும் துடைப்பான். என் கையிலும் துணி இருந்தது. உள்ளே படிவதை வெளியிலிருந்து துடைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

மத்தியானம் அவன் மனைவி மணியம்மாள் வந்தாள். அதற்குள் தட்டுகிற சத்தம் விசிறிச் சத்தத்துக்குள் அமுங்கிவிட்டது.

"காலீல வந்தாரேண்ணா, இன்னும் வூட்டுக்கு வரல. சோறு ஆறிப்போவுது."

"ஓரிக்கை வரைக்கும் போய்ட்டு வரேன்னு சொன்னாம்மா."

அவள் கதவைப் பார்த்தாள். "இன்னாண்ணா, கண்ணாடி உள்ளார வெள்ளையா பூத்துக்கினு இருக்குது?"

"அது ஒண்ணுதாம்மா பாக்கி. உள்ள ஈரம் எங்கருந்து வருதுன்னு பாக்கணும்."

பூஜைப் பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். சாயங்காலத்துக்கு மேல் கண்ணாடியில் புதிதாக எதுவும் படியவில்லை.

கம்பி எங்கே என்று கேட்டீர்கள். வீட்டில் தறிக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தியது நான், குளிரைக் கூட்டியது நான், அவன் தட்டத் தட்டத் திறக்காமல் நின்றதும் நான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள் சார், ஊரில் தப்பாகப் பேசக் கூடாது. விஜயதசமி சாயங்காலம் அம்மனுக்குச் சாத்தியது அந்த அறைப் பூ இல்லை. பிணம் கிடந்த இடத்துப் பூவைச் சாமிக்குப் போட நான் என்ன பாவியா? எல்லாம் புதுப் பூ. தலைக்கு ஊற்றிக்கொண்டு, சுத்தமாகப் போய்த்தான் பரிவட்டம் கட்டிக்கொண்டேன்.