மிஸ் இடெல்லா யோசித்த நேரம்

சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பைபிள் மேல் கை வைத்தே சொல்கிறேன். ஜார்ஜியாவின் இந்தப் பருத்திக்காட்டு மாவட்டத்தில் பாதி ஆயுசுக்கு மேல் அரசு வழக்கறிஞராக இருந்தவன் நான். எனக்குச் சூயிங்கம் பிடிக்காது. வாயை அசைபோட்டபடி சாட்சியம் கேட்பவனுக்கு, கேட்டது காதுக்குப் போகாமல் வயிற்றுக்குப் போய்விடும். அதனால் சூயிங்கம் மெல்லுபவரை, வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு ஊர்க்காரர்கள் கொண்ட ஜூரியில் சேர்க்க மாட்டேன்.

ஜூரிக்கு ஆள் எடுக்கும்போது, ஒருபக்கம் சாய்ந்தவர்களை நீதிபதியே அனுப்பிவிடுவார். மிச்சப் பேரில் சிலரை இருதரப்பு வக்கீல்களும் காரணம் சொல்லாமலே நீக்கலாம். பிறகு மேல்கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வந்தது. கறுப்பர் என்பதற்காக ஒருவரை நீக்கக் கூடாதாம்; எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் வேறு காரணம் சொல்ல வேண்டுமாம். நல்ல காரணமாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

லானி டீக் என்ற பையன் மளிகைக்கடைக்காரரைச் சுட்டதாக வழக்கு. பார்த்த சாட்சி ஒரே ஒருவர். அவரும் இருட்டில், மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்த்தவர். பன்னிரண்டு பேரில் ஒருவர் தலையாட்ட மறுத்தாலும் பையன் உயிர் பிழைத்துவிடுவான். அந்த ஒருவர் உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம்.

தரையைப் பார்த்த பெண்ணை நீக்கினேன், ஏதோ மறைக்கிறாள். என்னை நேராகப் பார்த்தவளையும் நீக்கினேன், திமிர். ஒருவர் தாமதமாக வந்தார். இன்னொருவர் சீக்கிரமே வந்துவிட்டார், அதுவும் நல்லதற்கில்லை.

அப்புறம் மிஸ் இடெல்லா மோஸ்லி. தேவாலயத்தில் பாட்டுக்குழு நடத்துபவர். குற்றம் நிரூபணமானால் மரண தண்டனைக்குச் சம்மதிப்பீர்களா என்று கேட்டேன். யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் ஜன்னலில் ஒரு குளவி கூடு கட்டி, குடியும் வந்துவிட்டது.

“சம்மதிப்பேன். ஆனா நெசமாவே நிரூபணமாகணும்,” என்றார்.

நீக்கினேன். லானியின் வக்கீல் மிஸ் ரென்ஃப்ரோ, சின்னப் பெண், துள்ளி எழுந்தாள்.

“ஜட்ஜ் ஐயா, கறுப்புப் பையன் கேஸு. இவரு வரிசையா கறுப்பர்களையே தூக்குறாரு. இவங்க என்ன பண்ணாங்க?”

“ரொம்ப நேரம் யோசிக்கிறாங்க, ஐயா,” என்றேன்.

“யோசிக்கிறது ஒரு குத்தமா? காலையில ஒருத்தரை, பார்பர்னா ஊர்வம்பு பேசுவாருன்னு அனுப்பினாரு. அதோ உக்காந்திருக்காரே வெள்ளைக்காரரு ஹாய்ட் லாங்ஸ்டன், அவரு என்ன வேலை பாக்குறாராம்?”

“நானும் பார்பர்தாம்மா,” என்றார் ஹாய்ட், ஜூரி இருக்கையிலிருந்தே. “ஆனா நான் வாயே தொறக்க மாட்டேன். என் பொண்டாட்டியக் கேட்டுப் பாரு.”

கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நீதிபதி கையை விரித்தார். “காரணம்னு ஒண்ணு சொல்லிட்டாரேம்மா. நான் என்ன பண்ணட்டும்?”

வராந்தாவில் மிஸ் இடெல்லா எனக்காகக் காத்திருந்தார்.

“மிஸ்டர் கார்டர், நான் என்ன தப்பாச் சொன்னேன்?”

“தப்பு ஒண்ணுமில்ல, மிஸ் இடெல்லா.”

“வேணும்னா இன்னொரு தடவ கேளுங்க. இந்தத் தடவ டக்குனு சொல்லிடறேன்.”

“வெயில் ஏறுது, வீட்டுக்குப் போங்க.”

போகவில்லை. கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தபடி நின்றிருந்தார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டம் அப்படி. என் கையில் என்ன இருக்கிறது?

சாட்சியம் முடிந்து, பன்னிரண்டு பேரும் அறைக்குள் போய், மதியச் சாப்பாட்டின் பொரித்த கெளுத்தி மீன் ஆறுவதற்குள் திரும்பி வந்தார்கள். தீர்ப்பு வாசிக்கும்போது லானி அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான், கூட்டத்தில் தெரிந்தவர் யாரையோ தேடுவதுபோல. மேல்முறையீடெல்லாம் முடிந்து தண்டனை நிறைவேறியது. அதற்கு அடுத்த கோடையில், வேறொரு வழக்கில் பிடிபட்டவன் அந்தக் கடைக்காரரைச் சுட்டது தானே என்று ஒப்புக்கொண்டு, துப்பாக்கியையும் எடுத்துக் கொடுத்தான். அது போலீஸ்காரர்கள் பார்த்திருக்க வேண்டிய விஷயம்.

நீக்கியது நான்தான். அத்தனை பேரையும் நான்தான் நீக்கினேன், மறுக்கவில்லை. ஆனால் யாருடைய தோல் நிறத்தையும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை, காரணத்தை மட்டுமே பார்த்தேன்.

இந்த மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏழு பேர் கறுப்பர்கள். நான் பொறுக்கியெடுத்த எந்த ஜூரியிலும் ஒரு கறுப்பர்கூட உட்கார்ந்ததில்லை.