இந்த வருஷத் தீமிதி

செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் பரனூரைத் தாண்டியதும், என் எதிரே உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"மாத்திர போட்டுக்கினு தீ மிதிச்சேன் மச்சான். பயமே வரல."

"இன்னா மாத்திர?"

"படபடப்புக்கு. பயந்தா ஒடம்புல ஏதோ சுரக்குமாம். அது நெஞ்சப் புடிக்காம இந்த மாத்திர தடுத்துருமாம், டாக்டரு சொன்னாரு."

"நல்லதுதான?"

"முன்னெல்லாம் காப்பு கட்டுனதுலேர்ந்தே நெஞ்சு அடிச்சிக்கும். நெருப்பாண்ட போனா பம்ப மோளச் சத்தங்கூட கேக்காது, நெஞ்சு சத்தந்தான். சரி, ஆத்தா வந்துட்டான்னு எறங்கிடுவேன். அது ஒரு சொகம்டா. இந்த வாட்டி மார்க்கெட்டுக்குப் போறாப்புல நடந்தேன்."

"ஆத்தா வரலன்னு வருத்தமா?"

கொளவாய் ஏரி வந்துவிட்டது. அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது இல்ல. நெருப்பத் தாண்டி பால் குழி கீதே, அங்க எம் பொண்டாட்டி நின்னுகினு அழுவுற சத்தம் கேட்டுச்சி. இன்னாத்துக்குடி அழுவறன்னேன். 'வருஷா வருஷம் இங்க நின்னு அழுதுகினுதான் கீறேன், உனக்கு இன்னிக்குத்தான் கேக்குதா'ன்றா."