சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தீர்மானம்

தலைமை ஏற்றிருக்கும் சபாபதி அவர்களே, பாலோவிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியவர்களே, விடியுமுன் அடுப்பு மூட்டிவிட்டு இப்போது கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நம் குளுவாங் தமிழர் நலச் சங்கத்தின் களைத்துப்போன செயலாளரின் கனிவான வணக்கம்.

களைப்பு வயதால் வந்ததல்ல. ஒரே தீர்மானத்தை மூன்றாவது ஆண்டாக முன்மொழிகிறேனே, அதனால் வந்தது.

நம் சங்க விதி என்ன சொல்கிறது? குடும்பத்துக்கு ஓர் உறுப்பினர். யார் அவர்? குடும்பத் தலைவர். அவர் கண்ணை மூடினால்? உறுப்புரிமையும் அவரோடு போய்விடும். தாய்மார்களை வரவேற்க அழைத்தோம், சோறு வடிக்க அழைத்தோம், வாழ்த்தவும் அழைத்தோம். வாக்களிக்க அழைத்தோமா?

நம் பாலர் பள்ளியை நடத்தும் வேதநாயகி அம்மையாரை அறியாதவர் இங்கே உண்டா? கணவர் சொக்கநாதன் மறைந்த பிறகு, பள்ளியை மூடலாமா என்ற பேச்சு போன ஆண்டு எழுந்தபோது, அம்மையாரும் எழுந்தார். "நீங்க மெம்பர் இல்லீங்களே, உட்காருங்க" என்றது மேடை. உட்கார்ந்தார்.

பள்ளியை மூடுவதா என்ற அந்தப் பேச்சுக்கு இன்று முடிவெடுக்கிறோம். கணவருக்குப் பின் மனைவி உறுப்பினராகலாம் என்ற என் திருத்தம் அதற்கு முன் நிறைவேறினால், அவர் பேசுவார். இல்லையேல், அந்தப் பள்ளியைப் பற்றி அவரைத் தவிர எல்லோரும் பேசுவோம்.

விதியைத் திருத்த உறுப்பினரில் பாதிப் பேராவது அவையில் வேண்டும். நாமோ திருத்தத்தை எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வைக்கிறோம். எதிர்த்து ஒரு கை உயர்ந்ததுண்டா? இல்லை. பாயசம் குடித்ததும் பாதி நாற்காலி காலி. எதிர்ப்பில் தோற்றிருந்தால் ஆறுதல். ஏப்பத்தில் அல்லவா தோற்றோம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என்ன சதாசிவம் ஐயா? "சோறு ஆறிடும்லா, சீக்கிரம் முடிங்க" என்கிறார். முடித்துவிடுகிறேன்.

காலையில் அம்மையாரிடம் கேட்டேன்: "ஓட்டு முடிஞ்ச பிறகு இலை போடலாமா?"

"வேணாங்க," என்றார். "பசியில தூக்குற கை எனக்கு வேணாம். சாப்பிட்டுட்டு யாரு வந்து உட்கார்றாங்கன்னு பாக்கறேன்."

ஆகவே, அவையோரே, போய் வயிறார உண்ணுங்கள். கை கழுவிவிட்டு வலப்பக்கம் திரும்பினால் உங்கள் கார். இடப்பக்கம் திரும்பினால் இந்த மண்டபம். வாசலில் அவர் நிற்பார்.

நன்றி, எல்லோருக்கும். வணக்கம், திரும்பி வருகிறவர்களுக்கு.