தானாக உடையாத கழி

இந்த நாற்காலியில் ஒரு கால் குட்டை ஐயா. உட்கார்ந்தால் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது, எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வருகிறது. பத்து நாளாக மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததைச் சொல்லப்போகிற சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தூண்டில் கழி செய்கிறவன். பிசின் தோய்ந்த கார்பன் துணியை இரும்புக் கம்பியில் இறுக்கிச் சுற்றி, அடுப்பில் சுட்டு, கம்பியை உருவினால் உள்ளே கூடான கழி கிடைக்கும். துணியில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவேன். இருபத்திரண்டு வருஷத்தில் என் கழி ஒன்றுகூடத் தானாக உடைந்ததில்லை. உடைப்பதெல்லாம் ஆட்கள்தான். கார் கதவில் வைத்து நசுக்குவார்கள். மீன் கிட்டே வந்ததும் கழியைச் செங்குத்தாகத் தூக்குவார்கள், பாரம் முழுக்க மெல்லிய நுனிக்குப் போய்விடும். ஈயக்குண்டு பட்டு மயிரிழைக் கீறல் விழுந்தால் இன்னும் வேடிக்கை. அன்றைக்கு ஒன்றும் ஆகாது, பெரிய மீன் மாட்டுகிற நாளில் படக்கென்று போகும்.

என் தங்கை புருஷன் இப்படி மூன்று கழிகளை உடைத்தான். மூன்றுமே கார் கதவு. ஆனால் என் கடைக்கு வருகிறவர்களிடம், "மச்சான் செஞ்சதா? பிஸ்கட்டுங்க அது, தொட்டா உடைஞ்சிரும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், வயிறு பற்றி எரியும்.

நான்காவதை ஆசை ஆசையாகச் செய்தேன். கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே ஈயக்குண்டால் ஒரே ஒரு தட்டு. அதன்மேல் சிவப்பு நூல் சுற்றி வார்னிஷ் பூசியதும், அடடா, என்ன அழகு!

"பெரிய மீன் மாட்டினா அலைத்தடுப்புப் பாறை மேல நின்னு, நல்லா பின்னால சாஞ்சு இழுங்க மாப்பிள்ளை," என்று சொல்லிக் கொடுத்தேன். சாய்ந்து இழுக்கும்போது கழி போனால் ஆள் மல்லாக்கத்தான் விழுவான். அங்கே பின்னால் இருப்பது கருங்கல். அதெல்லாம் யோசிக்காமல் செய்கிற ஆளில்லை நான்.

சாவு வீட்டில் தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், பாவம், சின்ன வயசு. அப்போதுதான் கேட்டாள்: "அண்ணே, அவர் சொன்னது நெசந்தானா? உன் கழி அவ்வளவு மட்டமா?" சோறு இறங்கவில்லை ஐயா எனக்கு.

அதற்குமேல் நீங்கள் வேறு, தயாரிப்புக் கோளாறால் நேர்ந்த விபத்து என்று எழுதி, என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் நானே ஸ்டேஷனுக்குத் தேடி வந்தேன். கொலை என்று எழுதுங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கோளாறு என்கிற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். கோளாறான கழியைத் தெரிந்தே ஒரு மனுஷன் கையில் கொடுக்கிற அயோக்கியன் இல்லை நான்.