இணைப்பு அறுகிற நேரம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவுப் பக்கம் பார்க்காதீர்கள்... அங்கே ஒன்றும் இல்லை. இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது. நம்பாத பெரிய மனிதர்கள் இப்போதே எழுந்து தனியாக வீட்டுக்குப் போகலாம்... பார்த்தீர்களா, ஒருவரும் அசையவில்லை.

மச்சானுக்கு வீடு வீடாகப் போய் இன்டர்நெட் சரிசெய்கிற வேலை. எல்லோரும் அவனை 'சிக்னல்' என்பார்கள். ஊருக்கெல்லாம் சிக்னல் கொடுப்பான், பெண்டாட்டி கூப்பிட்டால் மட்டும் அவனுக்குச் சிக்னல் கிடைக்காது.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம். ஊரைவிட்டுத் தள்ளி ஒரு தெரு. இரண்டு பக்கமும் காலி மனை, கோடியில் ஒரே ஒரு வீடு. வண்டியை நிறுத்தினால், இன்ஜின் சூடு ஆறுகிற 'டிக்... டிக்...' தவிர வேறு சத்தம் இல்லை. காலையிலிருந்து ஏணி ஏறி இறங்கி முழங்கால் கெஞ்சியது. இதே வீட்டுக்கு இது மூன்றாவது முறை.

கதவைத் திறந்தவள் அந்த வீட்டு மகள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். சீருடை போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். தூங்கிப் பல நாள் ஆன கண்.

"அண்ணே, இன்னைக்கும் சரியா இருட்டுற நேரத்துக்கு நெட் போயிடுச்சு. எனக்கு இந்த மாசம் பூரா நைட் டூட்டி. அப்பா எழுந்து நடக்க மாட்டார், போனை அழுத்த விரலும் வராது. மூச்சுத் திணறினா தலைமாட்டுல இருக்கிற ஸ்பீக்கர்கிட்ட சொல்வார், அதுதான் எனக்குப் போன் போடும். முந்தாநாள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கார்... இணைப்பு இல்லை, இணைப்பு இல்லைன்னே சொல்லியிருக்கு."

"இன்னைக்கு முடிச்சுக் கொடுத்திடறேம்மா. தைரியமா போங்க."

"கதவை இழுத்துச் சாத்திடுங்க, தானா பூட்டிக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

உள் அறையில் தைல வாசனை. கட்டிலில் அப்பா. தலைமாட்டில் அந்த ஸ்பீக்கர், இணைப்பு இல்லை என்று ஆரஞ்சு வளையம் மின்னிக்கொண்டு.

"இது கெட்டிக்காரப் பெட்டி தம்பி. நாளைக்கு மழை வருமான்னு சொல்லும். தாகத்துக்குத் தண்ணி கேட்டா மட்டும் வாயைத் திறக்காது" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அப்புறம் மாத்திரை மயக்கத்தில் கண் செருகிவிட்டது.

முதல் முறை வந்தபோது அடாப்டரை மாற்றியிருந்தான். இரண்டாம் முறை ஸ்பீக்கரை இரும்பு பீரோவின் மறைவிலிருந்து நகர்த்தி வைத்தான். இந்தத் தடவை, வைஃபை பெட்டி ஒரே பெயரில் இரண்டு அலைவரிசை கொடுப்பதைக் கவனித்தான். எதில் ஒட்டுவது என்று தெரியாமல் ஸ்பீக்கர் இரண்டுங்கெட்டானாகத் தவித்திருக்கும். பெயர்களைப் பிரித்தான். புதிதாக இணைத்தான். "மணி என்ன?" என்று கேட்டான். சொன்னது.

அப்பாடா என்று பையை மூடினான். மறுபடி ஆரஞ்சு வளையம். "இணைப்பு இல்லை."

கூடத்துக்குப் போய்ப் பார்த்தான். வைஃபை பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. சுவரில் அதன் ஸ்விட்ச்... அணைக்கப்பட்டிருந்தது.

போட்டான். நாலடி நடந்திருப்பான். பின்னால் 'டக்'.

திரும்பினால், அணைந்திருந்தது. அடுப்பு துடைத்த ஈரத்துணி வாசனை குப்பென்று அடித்தது. சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். வயதான குரல்... நாள் முழுக்க நின்று அலுத்துப்போன குரல்.

"அணைச்சிடட்டுமா தம்பி?"

சே, இதுதானா விஷயம் என்று ஆகிவிட்டது அவனுக்கு. கரண்டை மிச்சம் பிடிக்க ஸ்விட்ச் ஸ்விட்சாக அணைத்துக்கொண்டே வருகிற ஒருத்தர் எல்லா வீட்டிலும் உண்டு. அம்மா இருக்கும்போது அப்பாவுக்கு எதற்கு ஸ்பீக்கர் என்று யோசிக்க அசதி விடவில்லை.

"இருங்கம்மா, வேலை முடியட்டும்" என்று ஸ்விட்சை மறுபடி போட்டான்.

"சரிப்பா. எவ்வளவு நேரம்தான் முழிச்சிருக்கறது... அதான் கேட்டேன்."

அதற்கப்புறம் ஸ்விட்ச் அணையவே இல்லை. தவறிக்கூட யார் கையும் படக்கூடாது என்று அதன்மேல் டேப் ஒட்டினான். ஸ்பீக்கர் பளிச்சென்று பதில் சொன்னது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"இப்ப அணைச்சிடட்டுமா?"

அறை விளக்கைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தான்.

"தாராளமா அணைச்சிடுங்கம்மா" என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தினான்.

பெரிய ரோட்டைத் தொடும்போது மகள் கூப்பிட்டாள்.

"முடிஞ்சுதா அண்ணே?"

"முடிஞ்சுதும்மா, இனி அறுந்து போகாது. அம்மாதான் ஸ்விட்சை அணைச்சிட்டு இருந்திருக்காங்க. அவங்ககிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

 அவள் பக்கம் ஆஸ்பத்திரியில் ஏதோ மணி அடித்தது.

"எங்கம்மா போய் ரெண்டு வருஷமாச்சு அண்ணே..."

அவன் போனை வைத்துவிட்டு வீட்டு ஸ்பீக்கரைக் கூப்பிட்டாள். அந்த ஸ்பீக்கரை வெளியிலிருந்தும் கூப்பிடலாம். கூப்பிட்டால் தானாக எடுத்துக்கொள்ளும். இத்தனை நாள் கிடைக்காத இணைப்பு, அன்றைக்கு முதல் மணியிலேயே கிடைத்தது. தண்ணீர் தெளிந்த மாதிரி அவ்வளவு தெளிவு. அப்பாவின் குரல். இருமல் இல்லை, திணறல் இல்லை. அவர் அப்படிக் கொஞ்சலாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"அணைக்கிறதுன்னா விளக்கை இல்லடி... என்னை."

புடவை சரசரத்தது. கட்டில் ஒரு தரம் முனகியது. பிறகு ஒன்றும் இல்லை.

"அப்பா... அப்பா..." என்று கத்திக்கொண்டே ஆட்டோவில் வந்தாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வழி முழுக்க இணைப்பு அறவில்லை.

வீட்டைத் திறந்து அறைக்கு ஓடினாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகத்தில் நல்ல தூக்கத்தின் களை. ஒரு கை வெறும் மெத்தையின் மேல் வளைந்து, இறுகி இருந்தது. நர்ஸ் ஆயிற்றே, தொட்டதும் தெரிந்துவிட்டது.

அவள் அழக்கூட வாய் திறக்கவில்லை... அதற்குள் காதில் இருந்த போனிலும், தலைமாட்டில் இருந்த ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில், அலுத்துப்போன அந்தக் குரல் கேட்டது.

"இப்ப விளக்கை அணைச்சிடட்டுமாடி?"

அவள் பதில் சொல்லவில்லை. அந்த அறையில் விளக்கு இன்னும் எரிகிறதாம்.